களிம்புக்குப் போய்ப் பட்டத்தைப் பிடுங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் பெரிய குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் 2021-இல் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் குதிரையின் ரத்தத்தில் இருந்தது வெறும் 21 பிகோகிராம் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. அதுவும் சொறிக்குப் பூசிய களிம்பில் இருந்து வந்ததாம். இதற்குப் போய் வெற்றியைப் பறித்தது அநியாயம் இல்லையா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் பிகோகிராம். ஒரு மில்லி ரத்தத்தில் அப்படி 21. தூசிதான், சரி. ஆனால் அன்றைய கென்டக்கி விதிப்படி பந்தய நாளில் அந்த மருந்து துளியும் தென்பட்டிருக்கக் கூடாது. களிம்பா, ஊசியா என்று விதி கேட்கவில்லை. களிம்பு வகைதான் என்று பயிற்சியாளர் பாப் பேஃபர்ட் தரப்பு தனியாகச் சோதித்துக் காட்டியும் நடுவர்கள் அசையவில்லை. முதலில் 'அந்த மருந்தைக் கொடுத்ததே இல்லை' என்று அடித்துச் சொன்னவர், இரண்டே நாளில் களிம்புக் கதைக்கு வந்தார். அதனால் எனக்கும் பெரிதாக இரக்கம் வரவில்லை.

இத்தனை கெடுபிடி எதற்கு? நாங்குநேரிப் பக்கம் வண்டிப் பந்தயத்தில் நொண்டுகிற மாட்டைப் பூட்டிப் பாருங்கள். ரோட்டோரம் நிற்கிற பெரியவர்களே சாரதியை வைது தீர்த்துவிடுவார்கள். மூட்டில் ஸ்டீராய்டு ஊசி ஏற்றிவிட்டால் மாடு நொண்டாது, வைய ஆளும் இருக்காது. குதிரையும் அப்படித்தான். வலி தெரியாமல் முழு வேகத்தில் ஓடும். விரிசல் விட்ட கால் ஓட்டத்திலேயே முறியும். மேலே இருப்பவன் கழுத்தும் சேர்ந்து போகும். அதனால்தான் ஜெயித்த குதிரையை நேராகச் சோதனைக் கொட்டடிக்குக் கொண்டுபோய், கம்பு நுனியில் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு, சீட்டியடித்தபடி மூத்திரத்துக்குக் காத்து நிற்கிறார்கள். மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரை வைப்பது பிற்பாடு வரும் வழக்குக்காக.

தெரியாமல் சேர்ந்தாலும் தப்ப முடியாது. 2014-இல் எலிசபெத் ராணியின் குதிரை எஸ்டிமேட், இங்கிலாந்தின் அஸ்காட் தங்கக் கோப்பைப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. சோதனையில் மார்ஃபின். தீவனத்தில் கலந்து வந்தது என்று விசாரணையே ஒப்புக்கொண்டு பயிற்சியாளரை விட்டுவிட்டது. ஆனால் இரண்டாம் இடமும் பரிசுப் பணமும் போனது போனதுதான். ராணி வீட்டுக் குதிரைக்கே இந்தக் கதி!

நீங்கள் அநியாயம் தேடுவதாக இருந்தால் வேறு இடத்தில் தேடுங்கள். மெடினா ஸ்பிரிட்டின் வெற்றி ரத்தானது 2022 பிப்ரவரியில். இரண்டாவதாக வந்த மாண்டலூனுக்குப் பட்டம் போனது. ஆனால் அன்றைக்கு மாண்டலூன் ஜெயிக்கும் என்று பணம் கட்டியவர்களுக்குச் சல்லிக்காசு வரவில்லை. பந்தயம் முடிந்ததும் கொடுத்த பணம் கொடுத்ததுதானாம்.