200 கிராம் பெட்டி ஏன் சின்னதாகத் தெரிகிறது? – பொருள் வடிவமைப்பு கேள்வி-பதில்

ஹட்டனில் தேயிலைத்தூள் பொதி செய்து விற்கிறோம். 100 கிராம் பெட்டி நன்றாகப் போகிறது. புதிதாகப் போட்ட 200 கிராம் பெட்டியைப் பார்த்து, "இதுல ரெண்டு மடங்கா இருக்கு?" என்று கடைக்காரர்களே கேட்கிறார்கள். நிறை சரியாகத்தான் இருக்கிறது.

பிழை தராசில் இல்லை, பெட்டியில். சின்னப் பெட்டியின் மூன்று பக்கத்தையும் ஒரே விகிதத்தில் பெருக்கியிருப்பீர்கள். கொள்ளளவு இரட்டிப்பாக ஒவ்வொரு பக்கமும் 1.26 மடங்கானால் போதும்: 10 × 6 × 5 செ.மீ. பெட்டி 12.6 × 7.6 × 6.3 ஆகிவிடும். கண் பக்கங்களைப் பெருக்கிப் பார்ப்பதில்லை, கூட்டித்தான் பார்க்கிறது. நுகர்வோர் ஆய்வாளர்கள் பியர் ஷாந்தோனும் நைலியா ஓர்தாபயேவாவும் 2009இல் காட்டியது இது: பொதி ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால் மக்கள் ஓரளவு சரியாக மதிக்கிறார்கள். மூன்று பக்கமும் வளர்ந்தால் வெகுவாகக் குறைத்து மதிக்கிறார்கள்.

ஆகவே ஆழத்தை 5 செ.மீ.இலேயே விட்டு முகப்பை மட்டும் வளருங்கள்: 15 × 8 × 5. உயரத்தை மட்டும் 20 ஆக்கினால் இன்னும் பெரிதாகத் தெரியும்தான், ஆனால் தட்டில் ஒன்றை எடுக்கப்போய் பக்கத்தில் இரண்டு சரியும். உயரப் பெட்டி எதிர்பார்ப்பையும் ஏற்றிவிடும். பிரியா ரகுபீர், அராத்னா கிருஷ்ணா ஆகியோரின் 1999 ஆய்வில், உயரமான கலத்தில் கூடுதலாக இருப்பதாக நினைத்தவர்கள், குடித்து முடித்ததும் குறைவாகக் குடித்ததாகவே உணர்ந்தார்கள். வீட்டில் பெட்டியைத் திறந்ததும் மேலே இரண்டு விரல் காலியாக இருந்தால் அடுத்த பெட்டி விற்காது. டஸ்ட் எனும் மிக நுண்ணிய தூள், அதே நிறைக்கு பீஓபி எனும் சற்றுப் பருமனான தூளைவிடக் குறைந்த இடமே பிடிக்கும்; இரண்டுக்கும் ஒரே பெட்டியை அச்சடித்துச் சிக்கனம் பார்க்க வேண்டாம். தூளை நிரப்பி, பெட்டியை மேசையில் பத்துத் தரம் தட்டி, அது அமர்ந்த பிறகு உயரத்தை முடிவு செய்யுங்கள்.

ஹப்புத்தளையில் சுற்றுலாப் பயணிகளுக்கு பிளேன்டி (பால் சேர்க்காத தேத்தண்ணி) விற்கிறேன். செம்மஞ்சள் கோப்பை சுவையைக் கூட்டுமாமே, வாங்கலாமா?

அவசரப்பட வேண்டாம். பெத்தினா பிகெராஸ்-ஃபிஸ்மானும் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் ஸ்பென்ஸும் 2012இல் 57 பேருக்கு வெள்ளை, கிறீம், சிவப்பு, செம்மஞ்சள் கோப்பைகளில் கொடுத்தது சூடான சொக்லட். செம்மஞ்சளிலும் கிறீமிலும் சொக்லட் சுவை தூக்கலாகப்பட்டது. பிளேன்டியின் கதை வேறு; அதன் நிறமே பாதிச் சுவை. தேயிலையைத் தரம் பார்ப்பவர்கள் வெள்ளைப் பீங்கானை விடாததற்கும் காரணம் அதுதான். வெளியே எந்த நிறமானாலும் கோப்பையின் உட்புறம் வெள்ளையாக இருக்கட்டும்.

காசைப் போடுவதானால் கோப்பையின் தடிப்பில் போடுங்கள். கிருஷ்ணாவும் மவ்ரீன் மொரினும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அமுக்கினால் நெளியும் கோப்பையிலிருந்த தண்ணீர்கூடத் தரம் குறைந்ததாகத் தோன்றியது.

வாங்குமுன் சோதியுங்கள். ஒரே கேத்தல், இருவகைக் கோப்பை, 20 பேர். பத்துப் பேருக்கு இது முதலில், பத்துப் பேருக்கு அது முதலில். உங்கள் ஊர்க் குளிரில் பீங்கான் சூட்டை இழுத்துவிடும், முதலில் வெந்நீரில் அலசுங்கள். "எந்தக் கோப்பை நல்லது?" என்று கேட்காமல் "எந்தத் தேத்தண்ணி நல்லது?" என்று கேளுங்கள். 15 பேராவது ஒன்றையே சொன்னால் நம்பலாம். 12-8 என்பது காசு சுண்டினாலும் வரும்.

பதுளையில் படிக்கிறேன். பொதியின் அழகுக்கும் கொள்வனவு எண்ணத்துக்கும் உள்ள தொடர்பை 200 பேரிடம் வினாக்கொத்தில் கேட்டேன். மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார்.

சரியாகத்தான் திருப்பியிருக்கிறார். "அழகாக இருக்கிறது" என்பதற்கு 4 போட்டவர், அதே தாளில், அதே நிமிடத்தில் "வாங்குவேன்" என்பதற்கும் 4 போடுவார். 1995இல் ஜப்பானில் குரோசுவும் கஷிமுராவும் ஏடிஎம் திரைக்கு 26 அமைப்புகளை 252 பேரிடம் காட்டினார்கள். அழகாகத் தெரிந்தவை பாவிக்கவும் இலகு என்று, ஒரு பொத்தானைக்கூட அழுத்தாமலே மதிப்பிடப்பட்டன.

200 பேரையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு பொதி, மீதிப் பேருக்கு மற்றது காட்டுங்கள். தூள், விலை, நிறை மாறக்கூடாது. கடைசியில் "பொதி வேண்டுமா, காசு வேண்டுமா?" என்று உண்மையாகவே தேர்ந்தெடுக்க வையுங்கள். ஆய்வுக்குப் பெறுமதி அங்கேதான் வரும்.

தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்கு ரைஸ் குக்கர் வாங்க வேண்டும். பன்னிரண்டு பட்டன் உள்ளது கொஞ்சம்தான் விலை கூட.

ஒற்றைச் சுவிட்ச் உள்ளதை வாங்குங்கள். தொம்சன், ஹமில்டன், ரஸ்ட் ஆகியோரின் 2005 ஆய்வில், பாவிக்குமுன் வசதி கூடியதையே பெரும்பாலோர் விரும்பினார்கள். பாவித்த பின் மனம் எளியதன் பக்கம் சாய்ந்தது. கடைக்கு அம்மாவைக் கூட்டிப்போய், உள்பாத்திரத்தை எடுத்து மாட்டச் சொல்லிப் பாருங்கள்.

புதிய ஃபிளாஸ்க் மூடியைச் சோதிக்க ஐந்து பேர் போதுமா?

குறை கண்டுபிடிக்கப் பெரும்பாலும் போதும், இரண்டு மூடிகளை ஒப்பிடப் போதாது. ஒருவர் ஒரு குறையில் மாட்டும் வாய்ப்பு 31% என்றால், ஐவரில் ஒருவராவது மாட்ட 84% வாய்ப்பு. அந்த 31%, பாவனை எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் மென்பொருள் சோதனைகளில் கண்ட சராசரி. குறை அரிதாகி 10% ஆனால் அந்த 84 வெறும் 41 ஆகிவிடும். இடக்கைக்காரர் ஒருவரையும், கொழுந்து பறித்து விரல் வெடித்த ஒருவரையும் ஐவரில் சேருங்கள்.