பாலியில் பத்து இரவு: தீவுகளைக் குறையுங்கள், தேதியை மாற்றுங்கள்

கேள்வி: நானும் கணவரும் 2026 ஜூன் 18 முதல் பத்து இரவு பாலியில் தங்கலாம் என்று இருக்கிறோம். உபுட், நுசா பெனிடா, கிலி, லொம்போக், கொமோடோ எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசை. ஹோட்டல் பஃபே வேண்டாம். உள்ளூர்ச் சாப்பாடு, கோயில், திருவிழா இவைதான் எங்களுக்குப் பிடிக்கும். அவர் எல்லாம் சாப்பிடுவார். நான் சைவம், முட்டை மட்டும் உண்டு. இந்துக்கள் வாழும் தீவுதானே, சைவச் சாப்பாட்டுக்குச் சிரமம் இருக்காதே? — வாசகி, ஈரோடு

பதில்: டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் முதலில் தேதியை மாற்றுங்கள். ஜூன் 17, புதன்கிழமை, கலுங்கான். 210 நாளுக்கு ஒரு முறை வரும் பண்டிகை; முன்னோர்கள் வீடு தேடி வரும் நாள் என்பது பாலி மக்களின் நம்பிக்கை. நீங்களோ மறுநாள் போய் இறங்குகிறீர்கள். நான்கு நாள் முன்னதாக, ஜூன் 14 ஞாயிறு உபுட்டில் இருக்கும்படி போங்கள். அன்று வீடுகளில் வாழைத்தார்களைப் பழுக்க வைப்பார்கள். திங்கள் அரிசிமாவுப் பலகாரம். செவ்வாய் பன்றி அடித்து, லாவார் எனும் கொத்துக்கறிக் கலவை கிளறுவார்கள். வாசலுக்கு வாசல் பெஞ்சோர் எழும். நுனி வளைந்து தெருவின் மேல் தொங்கும் உயர்ந்த மூங்கில் அது. குருத்தோலைத் தோரணம், நெற்கதிர், தேங்காய் எல்லாம் அதில் கட்டியிருக்கும். பண்டிகை நிறைவு நாளான ஜூன் 27 குனிங்கான் கழிந்தும் அவை நிற்கும். இடைப்பட்ட நாள்களில் சிறுவர்கள் பரோங் எனும் காவல் மிருகத்தின் முகமூடியும் மேளமுமாகத் தெருத்தெருவாக வருவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செவ்வாய், புதன் இரு நாளும் வாருங் எனப்படும் சிறு கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், வாடகைக் கார் ஓட்டுநர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். எனவே ஹோட்டலை விட்டுவிட்டு, உபுட்டில் ஒரு குடும்ப வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ஹோம்ஸ்டேயில் ஐந்து இரவு அறை எடுங்கள். காலை உணவு அங்கேயே கிடைக்கும். பழம், ரொட்டி, பிஸ்கட் திங்களன்றே வாங்கி வையுங்கள். ஓட்டுநரையும் முன்பே பேசிவிடுங்கள்.

புதன் காலை அந்த வீட்டாரோடு ஊர்க் கோயிலுக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். கால் மறைய வேட்டியோ சாரோங்கோ, இடுப்பில் ஒரு துண்டுக் கச்சை: இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கட்டாயம். நீங்கள் சேலையில் போனாலும் கச்சை கட்டிக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாளிலோ, உடம்பில் ரத்தக்காயம் இருந்தாலோ, வீட்டில் சாவுத் தீட்டு இருந்தாலோ உள்ளே போகக் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டு படம் எடுக்காதீர்கள், கும்பிடுகிறவர்களின் முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். தீர்த்தம் தந்தால் இடக்கை மேல் வலக்கையை வைத்து வாங்கி மூன்று முறை பருகி, பிறகு முகத்தில் தடவிக்கொள்ளுங்கள். ஈர அரிசி தருவார்கள். அது நெற்றியில் ஒட்டிக்கொள்ள.

தம்பக்சிரிங்கில் உள்ள தீர்த்த எம்புல் ஊற்றுக்குளத்தில் நீராட விரும்பினால் காலையில் கோயில் திறந்ததுமே போய்விடுங்கள். தண்ணீரில் இறங்கத் தனிச் சாரோங் வாடகைக்குத் தருவார்கள். இடப்பக்கம் தொடங்கி ஒவ்வொரு தாரையாகத் தலையை நனைத்துப் போகலாம். ஆனால் நடுவில் இரண்டு தாரைகள் இறந்தவர்களுக்கான சடங்குக்கு உரியவை. அவற்றைத் தாண்டிப் போக வேண்டும்; எவை என்று இறங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிச் சாப்பாடு. பாலி இந்துக்கள் சைவர்கள் அல்லர். பன்றியும் வாத்தும் அவர்களுடைய படையலிலேயே உண்டு. ஆனால் உங்களுக்குப் பெரிய தொல்லை கறி அல்ல, தெராசி. இறாலைப் புளிக்கவைத்து அரைத்த கட்டி அது. சம்பல் எனும் மிளகாய்ச் சட்னிகளில் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பலாக்காய்க் கூட்டு மாதிரி தெரிகிற லாவாரில் பன்றிக் கொத்துக்கறி இருக்கும். தேங்காய்த்துருவல் போட்ட காய்கறி ஊராபிலும் தெராசி இருக்கலாம். காய்கறிப் பிரட்டலான சாப் சாயில் சிப்பி சாஸ் விழும். தட்டின் ஓரத்தில் வைக்கும் அப்பளம் பெரும்பாலும் இறால் அப்பளம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். "டாகிங்", அதாவது கறி, வேண்டாம் என்றால் மாட்டிறைச்சி மட்டும் என்று எண்ணிக்கொள்ளவும் கூடும். ஆகவே முழுதாகச் சொல்லுங்கள்: "சாயா தீடாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், ஊடாங், தெராசி. தெலூர் போலே." கறி, கோழி, மீன், இறால், தெராசி சாப்பிட மாட்டேன், முட்டை ஆகும்.

உங்களுக்கு மிகப் பாதுகாப்பான உள்ளூர் உணவு தீப்பாட் சந்தோக். காரணம், அதன் சாறு முன்கூட்டி அரைத்து வைப்பதில்லை. கடைக்கார அம்மா தட்டையான கல்லில் பூண்டு, மிளகாய், கச்சோலக் கிழங்கு, பனைவெல்லம், வறுத்த வேர்க்கடலை எல்லாம் வைத்து உங்கள் எதிரிலேயே நசுக்குவார். எலுமிச்சையும் இனிப்புச் சோயாவும் விட்டு, வேகவைத்த கீரை, முளைப்பயறு, டோஃபு, ஓலையில் வெந்த சோற்றுக்கட்டித் துண்டுகளைப் போட்டு அதே கல்லில் புரட்டித் தருவார். கல்லில் கை வைப்பதற்கு முன் "தான்பா தெராசி" என்றால் போதும், போடமாட்டார். வெங்காயமும் எலுமிச்சைப்புல்லும் நறுக்கிச் சூடான தேங்காயெண்ணெய் ஊற்றும் சம்பல் மாத்தாவையும் இப்படிக் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே கலந்து வைத்த கிண்ணம் என்றால் தொடாதீர்கள். புளித்த சோயாக் கட்டியான தெம்பே வறுவல், பச்சைத் தோசைக்குள் தேங்காய்ப்பூரணம் வைத்த டாடார் கூலுங், வெல்லப்பாகு ஒழுகும் கிளெப்போன் எல்லாம் தாராளமாக.

கணவருக்கு ஒரே விதி: காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். சோற்றோடு பல கறிகள் வைத்துத் தரும் நாசி சம்பூர் கடைகளில் விடியற்காலையில் சமைத்ததைத்தான் நாள் முழுக்கக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்கள். சாயங்காலத்தில் வயிறு கெடுவது அதனால்தான். பாபி குலிங் முழுப்பன்றி வறுவலின் மொறுமொறு தோல் பதினொரு மணிக்கே தீரும், மிஞ்சினாலும் தொய்ந்துபோகும். லாவாரில் சிவப்புக்குப் பச்சை ரத்தம் சேர்ப்பார்கள். வெள்ளை லாவார் கேட்கட்டும். மசாலா தடவிப் பொதிந்த வாத்தான பெதுத்து மணிக்கணக்கில் உமித்தணலில் வேக வேண்டும், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அராக் சாராயம் முத்திரையிட்ட பாட்டிலில் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். மெத்தனால் கலந்த அராக்கால் உயிர்கள் போயிருக்கின்றன.

தீவுகளில் கொமோடோவையும் நுசா பெனிடாவையும் கழித்துவிடுங்கள். முன்னதற்கு விமானம் ஏற வேண்டும். பின்னது பெரும்பாலும் மோசமான சாலையில் ஒரு நாள் குலுங்கலும் புகைப்பட வரிசையும்தான். ஐந்து இரவு உபுட், 19ஆம் தேதி படகேறி, லொம்போக்கை ஒட்டிய கிலித் தீவுகளில் ஒன்றான கிலி ஆயரில் மூன்று இரவு, கடைசி இரண்டு இரவு பாலியின் கடற்கரை ஊரான சானூர். கிலியில் மோட்டார் வாகனம் கிடையாது. சைக்கிள், குதிரைவண்டி, நடை. ஆனால் அது முஸ்லிம் கிராமம், கரையைத் தாண்டினால் உடம்பை மூடிக்கொள்ளுங்கள். லொம்போக்கின் பிளெசிங் கங்குங் கீரை அங்கும் கிடைக்கும், அதிலும் தெராசி உண்டு. பக்கத்துத் தீவு நீந்தும் தூரம் போலத் தெரியும். நடுவில் நீரோட்டம் ஓடும், நம்பி இறங்காதீர்கள்.

பாலிக்கும் லொம்போக்குக்கும் இடைப்பட்ட ஜலசந்தி ஆழமானது, ஜூன் முதல் தென்கிழக்குக் காற்றும் வலுக்கும். பாலித் துறைமுகமான படாங் பாயிலிருந்து காலையின் முதல் விரைவுப்படகில் போங்கள், முன்வரிசையில் உட்காராதீர்கள். குலுக்கல் அங்கேதான் அதிகம். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அலை மிஞ்சினால் துறைமுக அதிகாரி படகுகளை நிறுத்திவிடுவார். சானூரில் இரண்டு இரவு வைத்தது அதற்காகத்தான். அப்படி நின்றுவிட்டால், சிறு படகுகள் ஓடுகிற பட்சத்தில் லொம்போக்கின் பங்சால் துறைக்குப் போய், அங்கிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரத்தில் லொம்போக் விமான நிலையம். பாலிக்கு அரைமணி, முக்கால்மணிப் பறப்புதான்.

செலவில் மறக்கக் கூடாதவை: வந்திறங்கும் விசா ஆளுக்கு 5,00,000 ரூப்பியா, பாலி சுற்றுலா வரி 1,50,000. இரண்டையும் இணையத்திலேயே கட்டிவிடலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். தெருமுனையில் கூடுதல் விலை எழுதியிருக்கும் பணமாற்றுக் கடையில் எண்ணித் தரும்போதே நோட்டுகள் மறைந்துவிடும், ஏடிஎம்மே மேல். அங்கே பல எந்திரங்கள் முதலில் பணத்தையும் அப்புறம் கார்டையும் வெளியே தள்ளும். பணத்தை எடுத்ததும் திரும்பிவிடாமல் கார்டு வரும் வரை நில்லுங்கள்.