பவானி ஆறு ஃபால்ட் மேலேதான் ஓடுகிறதா?

ஃபால்ட், அதாவது பாறை வெடித்து நகர்ந்த கோடு, எந்த விசையால் உண்டாகிறது, பவானியும் மாயாறும் நேர்கோடு பிடித்த மாதிரி ஓடுவது அதனால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நிலவியல் படித்தவன், ஊர் கோபி பக்கம். போன வருசம் சித்தப்பா தோட்டத்தில் 900 அடி போர் ஓட்டி வெறும் புழுதி பறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவமும் உண்டு.

வெடிப்பு எல்லாம் ஃபால்ட் ஆகிவிடாது. வெடிப்பின் இரண்டு பக்கமும் உரசி நகர்ந்திருக்க வேண்டும். பாறையில் வெட்டின கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள், சுவரில் வெங்கச்சங்கல் கோடு ஒன்று வந்து, வெடிப்பைத் தாண்டியதும் ஒரு சாண் கீழே தள்ளித் தொடர்ந்தால் அது ஃபால்ட்.

விசையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இழுத்தால் ஒரு வகை, அமுக்கினால் ஒரு வகை என்று சொல்லித் தருவார்கள். தப்பில்லை, ஆனால் குழப்பும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் 270 கிலோ பாரம் உட்கார்ந்திருக்கிறது, அங்கே போய் யார் பாறையை இழுக்கிறது? எல்லாப் பக்கமும் அமுக்கம்தான், எந்தத் திசையில் அது குறைகிறதோ அந்தப் பக்கம் பாறை ஒதுங்கப் பார்க்கும். 1905-இல் ஆண்டர்சன் என்ற நிலவியலாளர் இதைத்தான் கணக்காகச் சொன்னார். மேல்பாரம் பக்கத்து நெருக்கத்தைவிட அதிகம் என்றால், சாய்ந்த வெடிப்பின் மேல் படுத்திருக்கும் துண்டு கீழே சரியும், சாய்வு 60 டிகிரிக்குப் பக்கமாக இருக்கும். மேல்பாரம்தான் எல்லாவற்றிலும் குறைச்சல், பக்கத்திலிருந்து நெருக்குவது அதிகம் என்றால் அதே துண்டு மேலே ஏறும், சாய்வு சுமார் 30 டிகிரி. இமயமலை அடிவாரத்தில் நடப்பது இதுதான். மேல்பாரம் நடுத்தரமாக இருந்தால் ஏறவும் முடியாது இறங்கவும் முடியாது, பக்கவாட்டில்தான் நழுவும். கலிபோர்னியாவின் சான் ஆன்ட்ரியாஸ் அந்த வகை, 1906 நிலநடுக்கத்தில் ஒரு ரோடே 6 மீட்டர் போல விலகிப்போனது.

சரி, நம்ம ஆறுகள். நீலகிரிக்கு வடக்கே மாயாறு, தெற்கே பவானி, இரண்டும் பவானிசாகரில் சேர்கின்றன. இவை போகும் தடத்தில் இருப்பதை நிலவியலில் ஷியர் சோன் என்பார்கள், ஃபால்ட்டுக்குப் பங்காளி முறை என்று வையுங்கள். கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்கொட்டாயில் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆறின வெல்லத்தைத் தட்டினால் உடையும், கொப்பரையில் கொதிக்கிற பாகைத் தள்ளினால் உடையாமல் இழுபட்டு ஓடும். மேலே குளிர்ந்த பாறை உடைந்தால் ஃபால்ட். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கீழே, 300 டிகிரிக்கு மேல் சூட்டில், அதே விசையில் பாறை பாகு மாதிரி இழுபடும். 50 கோடி வருசத்துக்கும் முன்னால் ஆழத்தில் அப்படி இழுபட்ட பட்டையைத்தான், மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனபிறகு நாம் இப்போது தரையில் பார்க்கிறோம். வலுவிழந்த கோடு என்பதால் ஆறும் அதிலேயே இறங்கிக்கொண்டது.

பழசு என்பதற்காகக் கொங்குப் பாறை அசையாமல் கிடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம், 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரில் 6 அளவை ஒட்டி நிலநடுக்கம் வந்திருக்கிறது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, அப்ப அந்தக் கோட்டு மேலயே போர் போட்டிருந்தா தண்ணி வந்திருக்குமா?” என்றார். அப்படி இல்லீங் சித்தப்பா, பாகாக இழுபட்டு இறுகின பாறையில் சந்தே இருக்காது, ஆறினபிறகு விழுந்த வெடிப்பில்தான் தண்ணி நிற்கும், அதுவும் ஆழம் போகப் போகப் பாரத்தில் மூடிக்கொள்ளும் என்றேன். அவர் அடுத்த போருக்குத் தேங்காய் வைத்துப் பார்க்கிறவருக்கு ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டாராம்.