மொட்டை மாடியில் இடமில்லை

வணக்கம் சார்,

இலக்கியத்தை விட்டுவிட்டு வியாபாரம் பற்றி எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நீங்களும் உங்கள் தங்கையும் ஒருகாலத்தில் ஆன்லைனில் குர்தி விற்றுப் பார்த்ததாக எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் கேட்கிறேன்.

பெரம்பூரில் ஃப்ளாட்டில் இருக்கிறோம். கணவர், நான், இரண்டு பிள்ளைகள், மாமியார். இரண்டாவது பிள்ளைக்கு அப்புறம் வேலையை விட்டுவிட்டேன். பி.எஃப். பணம் 45,000 கையில் இருக்கிறது. வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஏதாவது விற்கலாம் என்று ஆறு மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்க்கிறேன். எதை விற்பது என்பதிலேயே நிற்கிறேன். நாத்தனார் குர்தி என்கிறார். தோழி ஒருத்தி சோப்பு செய்ய வகுப்புக்குப் போய்வந்து என்னையும் அதையே செய்யச் சொல்கிறாள். கணவரோ, பாரிமுனை காசிச் செட்டித் தெருவில் விளையாட்டுச் சாமான் மொத்த விலைக்கு எடுத்துப் போட்டால் நல்ல லாபம் என்கிறார். எது இப்போது ஓடும்?

இடம்தான் இன்னொரு பிரச்சினை. வீட்டில் ஸ்டாக் வைக்க வழியில்லை. மொட்டை மாடியில் ஒரு சின்ன ரூம் எங்களுக்கு உண்டு. அங்கே முழுக்க மாமியாரின் தகர டின்கள். சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், மோர் மிளகாய் எல்லாம் வருஷா வருஷம் வெயில் காலத்தில் போடுவார். ஃப்ளாட்டில் நாலு வீட்டில் முன்கூட்டியே காசு கொடுத்துவிடுவதால் அவராலும் மறுக்க முடிவதில்லை. காலி செய்யச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி, பெரம்பூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

நாலு வீட்டுக்காரர்கள் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சரக்கு ஒன்று உங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. அதைக் காலி செய்துவிட்டு, இதுவரை யாரும் உங்களிடம் கேட்காத சரக்கு ஒன்றை அங்கே ஏற்ற இடம் தேடுகிறீர்கள். கடிதத்தின் அந்தப் பத்தியை என் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள். உங்களைப் பார்த்து அல்ல, எங்களை நினைத்து.

அந்தக் குர்தி கதையைச் சொல்லிவிடுகிறேன். 2017இல் கோடவுன் தெருவில் ஒரு மொத்தக் கடைக்குப் போனோம். தெருவே ஆள் மேல் ஆள். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றுதான் உள்ளே போக முடிந்தது. பிடித்த டிசைனைக் காட்டி, எல், எக்ஸ்எல் மட்டும் பத்துப் பத்து கொடுங்கள் என்றாள் தங்கை. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செட்டுதாம்மா. பிரிச்சுக் குடுக்க மாட்டோம்." செட் என்றால் ஒரே நிறத்தில் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் நான்கும். பன்னிரண்டு செட், 48 உருப்படி, ஒன்று 240 ரூபாய், ஆக 11,520.

420 ரூபாய்க்கு விற்றோம். வாங்கிய விலை 240, கூரியர் 70, கவர் 10 போக ஒன்றுக்கு 100 நின்றது. எல்லும் எக்ஸ்எல்லும் ஒன்றரை மாதத்தில் பறந்துவிட்டன. டபுள் எக்ஸ்எல் எட்டு போனது, எம்மில் மூன்று. பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுக்கும் முறையில் அனுப்பியவற்றில் ஆறு திரும்பி வந்தன. போட்டோவில் மாம்பழ மஞ்சள், நேரில் கடுகு மஞ்சள் என்றார் ஒருவர். திருநெல்வேலிக்குப் போன பார்சல் ஒன்று வீடு பூட்டியிருந்ததால் பதினாறு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தது. போகவும் வரவும் கூரியர் காசு எங்களுடையது. கவரோடு சேர்த்து ஒரு ரிட்டர்னுக்கு 150 போனது, அதாவது ஒன்றரைக் குர்தியின் லாபம். கணக்கு முடித்தபோது 35 உருப்படியில் 3,500 லாபம், ரிட்டர்னில் 900 நஷ்டம், விற்காத பதின்மூன்றில் 3,120 முடக்கம். கூட்டிக் கழித்தால் ஆறு மாதம் உழைத்து 520 ரூபாய் கைவிட்டுப் போயிருந்தது. எம் சைஸ் ஒன்பதும் இன்னும் பரணில் இருக்கின்றன. பரணைத் திறந்தால் அந்துருண்டை வாசனையோடு அந்தக் கடுகு மஞ்சள்தான் முதலில் முகத்தில் விழும்.

துணியில் காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களிடம் சைஸ் தீர்ந்தால் திரும்ப எடுக்கவும், தேங்கினால் தள்ளிவிடவும் வழி இருக்கிறது. 45,000 ரூபாயும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் அது கிடையாது. ஸ்டாக்கே வேண்டாம், போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டால் போதும் என்று ரீசெல்லிங் ஆசை காட்டுவார்கள். கண்ணால் பார்க்காத துணிக்கு நீங்கள் திட்டு வாங்குவீர்கள், அவ்வளவுதான்.

சோப்பையும் விளையாட்டுச் சாமானையும் சீக்கிரம் முடித்துவிடலாம். சோப்பு சட்டத்தின் பார்வையில் அழகுசாதனப் பொருள். விற்பதற்காகச் செய்தால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும், அந்த உரிமம் கேட்கிற இட வசதி உங்கள் அடுக்களையில் வராது. சோப்பு வகுப்பு எடுக்கிறவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்களோ. விளையாட்டுச் சாமானுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. தர முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாததைச் செய்கிறவர் மட்டுமல்ல, விற்கிறவரும் மாட்டுவார். உங்கள் வீட்டுக்காரர் மொத்தக் கடையில் விலையை மட்டும் கேட்டு வந்திருப்பார். அடுத்த முறை பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இனி வத்தல். "எது ஓடும்" என்று கேட்டிருந்தீர்கள். நான் கேட்பது வேறு. சரக்கு உங்கள் வீட்டை விட்டுக் கிளம்பி இன்னொருவர் வாசலுக்குப் போகும் வழியில் அதற்கு என்னென்ன ஆகும்? சுண்டைக்காய் வத்தலுக்குச் சைஸ் இல்லை. போட்டோவில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்று யாரும் திருப்ப மாட்டார்கள். கூரியர்காரர் மூட்டையைத் தூக்கி எறிந்தாலும் உடையாது. சரியாகக் காய்ந்திருந்தால் ஒரு வருடம் நிற்கும். தீர்ந்தால் திரும்பக் கேட்பார்கள். குர்தி வாங்கியவர் அடுத்த மாதம் அதே குர்தியைக் கேட்பதில்லை.

உங்கள் அத்தை போடும் மூன்று சரக்கும் ஒன்றல்ல என்பதையும் பாருங்கள். மோர் மிளகாய் எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். பல கூரியர்களில் எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து, இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. 30, 20, 15 அளவுள்ள பெட்டிக்குள் 400 கிராம் மோர் மிளகாய் வைத்தாலும் கணக்கில் 1.8 கிலோ. சுண்டைக்காயும் மணத்தக்காளியும் குட்டிக் கவரில் அடங்கிவிடும். மோர் மிளகாயைப் பக்கத்துத் தெருவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 100 கிராம் பாக்கெட் ஒன்று மட்டும் கேட்டால் அனுப்பாதீர்கள். சரக்கின் விலையில் பெரும்பங்கைக் கூரியர் தின்னும், வாங்குகிறவருக்கும் வயிறு எரியும். சுண்டைக்காய் இரண்டு, மணத்தக்காளி மூன்று என்று அரைக் கிலோவாகக் கட்டி, கூரியரையும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்கள். விலை போடுவதற்கு முன் ஒரு வேலை. பச்சைச் சுண்டைக்காய் வாங்கும்போது ஒருமுறை நிறுங்கள், காய்ந்த பிறகு ஒருமுறை நிறுங்கள். அத்தை இத்தனை வருடமும் அதை நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார். எடையில் முக்கால்வாசி வெயிலில் போய்விடும், நாலு வீட்டுக்கும் அவர் கிட்டத்தட்ட அசல் விலைக்கே கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

காய்ந்ததா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டாம். டின்னைக் குலுக்கிக் கேளுங்கள். மோரில் ஊறிய காய் பகலில் வெயில், இரவில் மறுபடி மோர் என்று நாலு நாள் போன பிறகும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். அப்போது குலுக்கினால் பொத்துப் பொத்தென்று கேட்கும். முழுக்கக் காய்ந்தது கூழாங்கல் மாதிரி கலகலக்கும். கடல் காற்று அடிக்கிற ஊரில் இந்தச் சத்தத்தை நம்பித்தான் பாக்கெட் போட வேண்டும். காய்ந்த சுண்டைக்காயின் மேல் உப்பும் மோரும் வெள்ளையாகப் பூத்து நிற்கும் இல்லையா? முதல் முறை வாங்குகிறவர் பூசணம் என்று போட்டோ எடுத்து அனுப்புவார். லேபிளிலேயே அதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959இல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். இன்றைய லிஜ்ஜத் அப்பளம் அதுதான். முதல் வருடம் மழைக்காலத்தில் நாலு மாதம் அப்பளம் காயாமல் தொழிலையே நிறுத்த வேண்டியிருந்தது. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். அப்பளத்தைக் கட்டில் மேல் பரப்பி, அடியில் அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். நீங்கள் கட்டிலுக்கு எல்லாம் போக வேண்டாம். சென்னையில் ஐப்பசி பிறந்தால் மொட்டை மாடி நமக்கு இல்லை. பங்குனியிலிருந்து ஆனி வரை போட்டதுதான் வருடம் முழுக்கச் சரக்கு. தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லிவிடுங்கள். கோயம்பேட்டில் காய்ந்த வத்தலை மொத்தமாக வாங்கி உங்கள் பாக்கெட்டில் போடத் தோன்றும். நாலாவது வீட்டு அம்மா ஒரு வத்தக்குழம்பில் கண்டுபிடித்துவிடுவார்.

உணவு என்பதால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கான பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். அந்தப் பதிவின் 14 இலக்க எண், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி எல்லாம் லேபிளில் வர வேண்டும். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு தேவையில்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் சித்தி பெண்ணுக்கு ஒரே ஒரு பாக்கெட் விற்றாலும் அது வெளிமாநில விற்பனை, அங்கே இந்த வரம்பு உதவாது. முதல் வருடம் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருங்கள். சர்க்கரை நோயைப் போக்கும் என்று மட்டும் லேபிளில் எழுதிவிடாதீர்கள். அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். இது உங்கள் சரக்கு அல்ல. கை அத்தையுடையது, பக்குவமும் அவருடையது. நீங்கள் போனில் ஆர்டர் எடுக்க, அவர் வெயிலில் குனிந்து காய் பரப்ப, கடைசியில் இது மருமகளின் பிசினஸ் என்று பெயராகிவிட்டால் அடுத்த கோடையில் வத்தலும் இருக்காது, வீட்டில் பேச்சும் இருக்காது. அவர் வயதை நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான ஃப்ளாட்டுகளில் லிஃப்ட் மொட்டை மாடி வரை போகாது, கடைசிப் படிகளில் பத்து கிலோ காயை யார் தூக்குவது? முதலில் அவரிடம் கேளுங்கள். சம்மதித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியைப் பேசி, அவர் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். மாட்டேன் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு யோசிப்போம்.

45,000த்தையும் இறக்க வேண்டாம். எடை மெஷின், கவர் ஒட்டும் மெஷின், லேபிள், கவர், இந்தக் கோடைக்கான காய் என்று 12,000க்குள் நிறுத்துங்கள். பாக்கெட் தயாரானதும் முதல் ஐந்தை விற்காதீர்கள். மதுரையிலோ கோவையிலோ இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கூரியரில் போட்டு, எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று பிரிப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மாசி பாதி ஓடிவிட்டது. பச்சைச் சுண்டைக்காய் கோயம்பேட்டில் என்ன விலை என்று இந்த வாரமே ஒரு காலையில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், அத்தையையும் கூட்டிக்கொண்டு.

அன்புடன்.