எக்ஸ்ரேயில் நடுநெஞ்சில் கட்டி: அம்மாவுக்குப் புற்றுநோயா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் 'மீடியாஸ்டைனல் மாஸ், சிடி எடுக்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லை. புற்றுநோயோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. - வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதே அப்படி முடிவு கட்டாதீர்கள் அம்மா. இரண்டு நுரையீரலுக்கும் நடுவே இதயம், மகாதமனி, மூச்சுக்குழல், உணவுக்குழல் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் இடம்தான் மீடியாஸ்டைனம், 'மாஸ்' என்றால் கட்டி போலத் தெரிவது. எக்ஸ்ரேயில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே வெள்ளையாகத் தெரியும், அதை வைத்து இன்னதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. படுக்கவைத்து எடுத்தாலோ மூச்சை முழுசாக இழுக்காவிட்டாலோ, ஒன்றுமே இல்லாதவருக்கும் அகலமாகத்தான் தெரியும்.

அம்மா வயதுப் பெண்களுக்கு நான் முதலில் பார்ப்பது கழுத்தை. தைராய்டு வீங்கி மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியிருக்கலாம். அப்படி இறங்கியிருந்தால், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு நிமிடம் வைக்கும்போது சிலருக்கு முகம் சிவந்து மூச்சு முட்டும். அடுத்தது தைமோமா, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வரும் கட்டி. சாயங்காலமானால் இமை தொங்குகிறதா, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது தைமோமாவோடு சேர்ந்து வரக்கூடிய மையஸ்தீனியாவாக, அதாவது தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் நோயாக இருக்கலாம், மயக்க மருந்து டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அதனால் சிடி முடிவு வரும்வரை, அவசரம் இல்லையென்றால், பித்தப்பை ஆபரேஷனைத் தள்ளிவையுங்கள்.

நம் ஊரில் டிபியால் வரும் நெறிக்கட்டியை மறக்கவே கூடாது. சார்காய்டோசிஸ் (நெறிக்கட்டிகளை வீங்கவைக்கும், புற்றல்லாத ஒரு அழற்சி நோய்), லிம்போமா (நெறிக்கட்டியில் வரும் புற்று), வேறிடத்துப் புற்று பரவுவது, இவையும் உண்டு. முதுகுப் பக்கமாக இருந்தால் நரம்புக் கட்டி, பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் சாதுவானது.

சிலருக்கு அது கட்டியே இல்லை, மகாதமனி வீங்கியிருக்கும்! அதில் ஊசி குத்தினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே கான்ட்ராஸ்ட் சிடிக்கு (ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) முன்னால் ஊசிப் பரிசோதனை வேண்டாம். 'டிபியாகத்தான் இருக்கும்' என்று மாத்திரையோ ஸ்டீராய்டோ கொடுத்தால், சதை எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று கேளுங்கள். லிம்போமாவாக இருந்தால் ஸ்டீராய்டில் கட்டி சுருங்கி, பயாப்சியில் தெரியாமலே போய்விடலாம்.

சரி, சிடிக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப்போங்கள். சர்க்கரை மாத்திரை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். முகமும் கழுத்தும் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.