தாத்தா காலத்து பஸ்: வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: உடுமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு டவுன் பஸ் ஓடுகிறது. 1968ல் தாத்தா ஆரம்பித்தது. சென்ற மாதம் அப்பா தவறிவிட்டார். பஸ்ஸுக்கும் வயதாகிவிட்டது. சேஸிஸ் (இன்ஜினோடு வரும் அடிச்சட்டம்) வாங்கி கரூரில் பாடி கட்ட 42 லட்சம் ஆகும். கையில் 12 லட்சம் இருக்கிறது. மீதி 30 லட்சத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா? பஸ் போனால் குடும்பப் பேரே போய்விடும் என்கிறார் அண்ணன்.

பதில்: வீட்டைத் தொடாதீர்கள்.

முதலில் பெர்மிட், அதாவது அந்த ரூட்டில் பஸ் ஓட்டும் அனுமதி. அது அப்பா பெயரில் இருந்திருக்கும். அவர் இறந்த 30 நாளுக்குள் பெர்மிட் கொடுத்த அதிகாரிக்கு எழுதித் தெரிவித்தால் 3 மாதம் வரை நீங்கள் ஓட்டலாம். அதற்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். நாள் குறைவாக இருந்ததால் இதை உங்களுக்கு அப்போதே தனியாக எழுதினேன். வாரிசு சான்றிதழ், அம்மா, தங்கை கையெழுத்து எல்லாம் தயாராகட்டும். பெயர் மாறாமல் அந்த 3 மாதத்துக்கு மேல் ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது.

இப்போது நீங்கள் அனுப்பிய கணக்கு. ஒரு நாள் கலெக்‌ஷன் 11,000. டீசல் 5,400, டிரைவர் கண்டக்டர் சம்பளம் பேட்டா 2,400, டயர், வரி, இன்ஷூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எல்லாம் நாள் கணக்கில் 1,700. மிஞ்சுவது 1,500, 28 நாளுக்கு 42,000. முப்பது லட்சத்துக்கு 11% வட்டியில் 5 வருடக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 65,200. மாதம் 23,000 எங்கிருந்து வரும்? 2021ல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தபின் 14,000 கலெக்‌ஷன் 11,000 ஆனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புது பஸ் விட்டாலும் அந்தக் கூட்டம் திரும்பாது.

ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கையிலுள்ள 12 லட்சத்தோடு 5 லட்சம் மட்டும் கடன் வாங்கி, நல்ல மெக்கானிக்கிடம் காட்டி, ஓடிய பஸ் ஒன்றை வாங்குங்கள். அதே வட்டியில் 3 வருடக் கடனுக்கு மாதத் தவணை 16,400 அளவில் வரும். வண்டி மாற்றவும் அனுமதி வேண்டும். அதுவும் உங்கள் இருவரில் ஒருவர் தினமும் ராத்திரி கலெக்‌ஷன் பையை எண்ணுவதாக இருந்தால்தான். ஆளை நம்பி விடுவதென்றால், பெயர் மாறியதும் முறைப்படி அனுமதி வாங்கி, பஸ்ஸைப் பெர்மிட்டோடு விற்றுவிடுங்கள்.

அண்ணனுக்கு ஒன்று. பக்கத்துப் பொள்ளாச்சியில் 1931ல் தொடங்கிய ஏ.பி.டி. (ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்) என்ற தனியார் கம்பெனியின் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டுதான் 1972ல் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. ஏ.பி.டி. பார்சல் சர்வீஸில் இறங்கியது. பேர் எங்கேயும் போய்விடவில்லை.