டப்ளின் ஷா குடும்பத்தின் 'சர்' பட்டம் யாருக்கெல்லாம் போகும்?

கேள்வி: டப்ளினில் வங்கி நடத்திய ஷா குடும்பத்துக்கு 'சர்' பட்டம் எப்படி வந்தது? நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா அதே குடும்பம்தானே, அவருக்கு ஏன் வரவில்லை?

இது பேரனெட் எனப்படும் பிரிட்டிஷ் பட்டம், 1821-இல் ராபர்ட் ஷாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் வங்கியாளர் மட்டுமல்ல. 1804 முதல் 1826 வரை டப்ளின் நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர், நகர மேயராகவும் இருந்தவர். டப்ளினின் டெரெனூர் பகுதியில் உள்ள புஷி பார்க் மாளிகை மனைவி வழியில் வந்த சொத்து. பட்டத்தின் பெயரிலும் புஷி பார்க்தான் இருக்கிறது.

பலர் குழம்பும் இடம்: பேரனெட் பிரபு அல்ல. பெயருக்கு முன் 'சர்' சேரும், வாரிசுக்கும் இறங்கும். ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது.

வாரிசு முறைதான் முக்கியம். பொதுவாக, முதலில் பட்டம் பெற்றவரின் நேரடி ஆண் வழிக்கு மட்டுமே உரிமை. முறையான திருமணத்தில் பிறந்திருக்க வேண்டும். இரண்டாம் பேரனெட் 1869-இல் வாரிசின்றி இறந்ததும், பட்டம் தம்பி ஃபிரெடெரிக்குக்குப் போனது. அவரும் முதல் ராபர்ட்டின் மகன் என்பதால் சிக்கலே இல்லை. பெர்னார்ட் ஷாவின் கிளையோ ராபர்ட்டின் பங்காளி வழி. ரத்த உறவு உண்டு, ஆனால் அவர் ராபர்ட்டின் சந்ததி இல்லை. எனவே ராபர்ட்டின் ஆண் வழி முழுக்க அற்றுப்போயிருந்தாலும் பட்டம் அவருக்கு வந்திருக்காது, அத்தோடு முடிந்திருக்கும்.

வங்கிக்கும் பட்டத்துக்கும் சட்டப்படி தொடர்பில்லை. ஷா வங்கி 1836-இல் ராயல் பாங்க் ஆஃப் அயர்லாந்தாக மாறியது. அது 1966-இல் அல்லைட் ஐரிஷ் பாங்க்ஸில் இணைந்தது. இந்தக் கைமாற்றம் எதுவும் பட்டத்தைத் தொடவில்லை.

இன்று உரிமை கோருபவர் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களைக் காட்டி அதிகாரபூர்வ பேரனெட் பதிவேட்டில் பெயர் ஏற்ற வேண்டும். இடையில் ஒரு தலைமுறையின் திருமணச் சான்று கிடைக்காவிட்டாலும் கோரிக்கை சிக்கலாகலாம்.